வெள்ளி எங்கே பாஸ்?

பர்ஸைக் கொஞ்சம் திறங்க பாஸ். மாசக் கடைசிதான், தெரியும். இருந்தாலும் மூலையில் மடிச்சுக் கிடக்கிற ஒரு பத்து ரூபாய் நோட்டாவது இருக்கும். எடுத்தாச்சா? ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துக்கு மேலே இந்தியிலும் இங்கிலீஷிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘இதை வைத்திருப்பவருக்குப் பத்து ரூபாய் தருவதாக உறுதி கூறுகிறேன்’ என்பதுதான் அதன் அர்த்தம்.

ஒரு நிமிஷம். கையில் இருக்கிறதே பத்து ரூபாய்தானே? அப்புறம் எந்தப் பத்து ரூபாயை அவர் தரப்போறார்?

கேள்வி காமெடியாத்தான் இருக்கும். ஆனா, ஒரு காலத்தில் இதுக்கு கனமான ஒரு பதில் இருந்தது. கையில் எடுத்தால் கனம், கல்லில் தட்டினால் ‘டங்’குனு சத்தம். அந்தப் பதிலின் பெயர் வெள்ளி. அது எப்படிக் காணாமல் போச்சு என்பதுதான் இந்த வார மேட்டர்.

ரூபாய்னா எடை!

1835-லிருந்து ஒரு ரூபாய் என்றால் 180 கிரெய்ன் எடை. நம்ம கணக்கில் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு, அதாவது 91.7 சதவிகிதம் சுத்த வெள்ளி. நாட்டு மருந்து சொல்லும் பெரியவர்கள் இன்னிக்கும் ‘ஒரு ரூபா எடை சுக்கு’ என்பார்கள். ரூபாய் என்பது அவ்வளவு நம்பகமான எடைக்கல்லா இருந்தது.

1861-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு நோட்டு அடிக்கும் உரிமையைத் தன் கைக்கு எடுத்தது. ‘இந்தக் காகிதத்தைக் கொண்டு வா, வெள்ளி ரூபாய் தர்றேன்’ என்பதுதான் டீல். அதிலும் ஒரு கண்டிஷன். நாட்டை வட்டம் வட்டமாகப் பிரித்து, எந்த ஊர் அலுவலகம் நோட்டை வெளியிட்டதோ அந்த வட்டத்தில்தான் அது செல்லும். மெட்ராஸ் வட்டத்துக்குக் கீழே கோழிக்கோடு, விசாகப்பட்டினம், நம்ம திருச்சிராப்பள்ளி எல்லாம் துணை வட்டங்கள். பெரம்பலூர், அரியலூர் ரெண்டும் அப்போ திருச்சி ஜில்லாவுக்குள் இருந்த ஊர்கள் என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க. 1910, 1911 வாக்கில்தான் 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் நாடு முழுக்கச் செல்லும் என்று ஆனது.

ஆனாலும் கிராமத்தில் நோட்டை யார் சீண்டுவார்? பருத்தி விற்ற காசு, கடலை விற்ற காசு எல்லாம் வெள்ளியாத்தான் வேணும். கரையான் அரிக்காது, மழையில் நனையாது, பெண் கல்யாணத்துக்கு உருக்கினால் கொலுசு ஆகும். காகிதத்தை உருக்க முடியுமா?

ஒத்தை ரூபாய் நோட்டு பிறந்த கதை

1914-ல் முதல் உலகப் போர். பிரிட்டனுக்கு இந்தியாவிலிருந்து தானியம், சணல், துணி, தோல் எல்லாம் வேணும். மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சண்டை போடும் படைக்குச் சம்பளம் வேணும். எல்லாத்துக்கும் ரூபாய் வேணும். ரூபாய்க்கு வெள்ளி வேணும். அதே நேரம் மெக்சிகோவில் புரட்சி நடந்து, அங்கே சுரங்கங்களில் வெள்ளி எடுப்பது படுத்துவிட்டது.

இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு ஒரு குட்டிக் கணக்கு. அன்னிக்கு ஒரு ரூபாய் = 16 பென்ஸ். லண்டன் சந்தையில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 43 பென்ஸைத் தொட்டால், ரூபாய்க்குள் இருக்கும் வெள்ளியின் விலையும் சரியாக 16 பென்ஸ் ஆகிவிடும். அதைத் தாண்டினால்? ரூபாயைச் செலவு செய்வதைவிட உருக்கி விற்பது லாபம்! 1917 ஆகஸ்ட்டில் விலை அந்தக் கோட்டைத் தாண்டியது. அடுத்த மாதமே 55 பென்ஸ் வரை போனது. (1920 பிப்ரவரியில் எட்டிய உச்சம் 89½ பென்ஸ்.)

காசை உருக்கக் கூடாது என்று 1917-லேயே தடை போட்டாங்க. தட்டார் பட்டறை அடுப்பு எதை உருக்குதுன்னு எந்த போலீஸ் பார்ப்பார்?

அதனால் 1917 நவம்பர் 30 அன்று இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டு வெளியானது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய்க் காசின் படம் அதன் மேலேயே அச்சாகி இருந்தது. 25 நோட்டு சேர்த்துத் தைத்த குட்டிப் புத்தகமாக, நம்ம மெஸ் டோக்கன் மாதிரி, கிழிச்சுக் கொடுக்கும்படி வந்தது. 1918 ஜனவரியில் இன்னொரு வினோதம்: இரண்டு ரூபாய் எட்டு அணா நோட்டு. அதாவது இரண்டரை ரூபாய்!

காசு தர முடியாதவன் காசின் படத்தைக் கொடுத்தான். ‘கேட்டால் ஒரு ரூபாய் தருவேன்’ என்று அதிலும் வாக்கு இருந்தது.

கேட்டாங்க. கிடைச்சுதா?

1918 மார்ச்சில் பிரான்ஸில் ஜெர்மன் படை பாய்ந்து முன்னேறியது. அந்தச் செய்தி இந்தியச் சந்தைகளுக்கு வந்ததும் கிளம்பியது பீதி. ‘சர்க்கார் தோத்துட்டா இந்தக் காகிதம் எதுக்கு ஆகும்?’ நோட்டை மாற்ற கரன்சி அலுவலகங்களில் கூட்டம் முண்டியடித்தது. ஜூன் மாதத்தில் அரசின் கையில் இருந்த வெள்ளி ரூபாய் கையிருப்பு சுமார் 4 கோடி வரை இறங்கிவிட்டது. புழங்கிய நோட்டுகளோ அதைப்போலப் பல மடங்கு. 1914-ல் சுமார் 66 கோடி ரூபாய்க்கு இருந்த நோட்டுகள், 1919-ல் 153 கோடி.

அரசு என்ன பண்ணியது தெரியுமா? ‘தர மாட்டேன்’ என்று சொல்லவில்லை. ஜில்லா கஜானாக்களில் நோட்டுக்கு வெள்ளி மாற்றித் தரும் வசதியைப் பெருமளவு நிறுத்தியது. கரன்சி அலுவலகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்தது. ரயிலில் காசு மூட்டை கொண்டுபோகத் தடை போட்டது.

சட்டப்படி வாக்கு அப்படியே இருக்கு. ஆனா அதை வாங்க மெட்ராஸ் போகணும். அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன் ரயில் பாதையே 1920-களின் கடைசியில்தான் வந்தது. பெரம்பலூருக்கோ இன்னிக்கு வரைக்கும் ரயில் கிடையாது! அஞ்சு ரூபாய் நோட்டை மாற்ற மாட்டு வண்டி கட்டி, ரயில் பிடித்து, மெட்ராஸ் போய் வரிசையில் நிற்கிற விவசாயியை யோசிச்சுப் பாருங்க. ஆபீஸ் இருக்கு, அப்ளிகேஷன் ஃபார்ம் இருக்கு, ஆள்தான் எப்பவும் ‘லஞ்ச்’ல இருப்பார் இல்லையா, அதே டெக்னிக்!

விளைவு? பல ஊர்களில் நோட்டு அதில் போட்டிருந்த விலைக்குப் போகவில்லை. வட்டம் கழித்துத்தான் வாங்கினார்கள். அந்த நஷ்டம் யார் தலையில்? அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டவன் தலையில்.

கடைசியில் காப்பாற்றியது அமெரிக்கா. 1918 ஏப்ரலில் அங்கே பிட்மன் சட்டம் என்று ஒன்றை மின்னல் வேகத்தில் நிறைவேற்றினார்கள். அவர்கள் கஜானாவில் தூங்கிய வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு 20 கோடி அவுன்ஸ் வெள்ளி வந்தது. சுமாராக 6,200 டன். அந்தச் சட்டத்தின் கீழ் உருகிய டாலர்கள் மொத்தம் 27 கோடிக்கு மேல். அமெரிக்காவில் சில வருடத்து மார்கன் டாலர்கள் இன்னிக்குக் கிடைக்காமல் போனதற்கு நம்ம ஊர்க்காரர்களின் சந்தேகமும் ஒரு காரணம். கெத்துதானே?

வார்த்தை அதே... அர்த்தம் வேற!

இரண்டாம் உலகப் போரில் அரசு உஷார். 1940 மே, ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும் மறுபடி அதே கூட்டம், அதே முண்டியடிப்பு. ஜூன் கடைசியில் ஒரு உத்தரவு போட்டார்கள்: சொந்தச் செலவுக்கோ வியாபாரத்துக்கோ தேவையானதைவிட அதிகம் காசு வாங்கிச் சேர்த்தால் குற்றம்.

அடுத்ததுதான் மாஸ்டர் ஸ்ட்ரோக். 1926-ல் நிறுத்தியிருந்த ஒரு ரூபாய் நோட்டு, 1940 ஆகஸ்ட்டில் மறுபடி வந்தது. இந்த முறை அதில் ‘தருகிறேன்’ என்ற வாக்கே இல்லை. காரணம், சட்டப்படி அது நோட்டே இல்லையாம். அதுவே ‘ரூபாய்க் காசு’ என்று அவசரச் சட்டம் போட்டுவிட்டார்கள்!

புரியுதா விளையாட்டு? ரிசர்வ் வங்கி பத்து ரூபாய் நோட்டுக்குப் பத்து ‘ரூபாய்க் காசு’ தர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தில் கையே வைக்கவில்லை. ‘காசு’ என்ற சொல்லுக்குள் காகிதத்தையும் சேர்த்துவிட்டார்கள். வேலை வாங்கித் தருவேன் என்று சேர்த்துக்கொண்டு, கடைசியில் சம்பளம் இல்லாத ட்ரெயினிங்கையும் ‘வேலை’ லிஸ்ட்டில் சேர்ப்பது மாதிரி. யார் மீதும் கேஸ் போட முடியாது!

மிச்சமிருந்த காசும் மெலிந்தது. 1940-ல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். பழைய அசல் காசுகளை வரிசையாகச் செல்லாக்காசு ஆக்கினார்கள். 1941-ல் விக்டோரியா ராணி காசு, 1942-ல் எட்வர்டு காசு, 1943-ல் ஜார்ஜ் மன்னர்களின் பழைய காசு. கஜானாவில் கொடுத்தால் நோட்டோ அரை வெள்ளியோ கிடைக்கும். விவரம் தெரிந்த பாட்டிகள் கொடுக்கவில்லை. அடுக்குப் பானைக்குள் போட்டு வைத்தார்கள். 1947-ல் வந்த ரூபாய் முழுக்க நிக்கல். வெள்ளி: ஜீரோ.

முப்பது வருஷத்தில் 10.69 கிராம் வெள்ளி 5.83 ஆகி, பூஜ்யம் ஆனது. பெயர் மட்டும் மாறவில்லை. அப்பவும் ரூபாய், இப்பவும் ரூபாய்.

சாத்தனூர் சொல்லும் பாடம்

பெரம்பலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசே இல்லை. சாத்தனூர் கல்மரம் பார்த்திருக்கீங்கதானே? 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும், சுமார் 12 கோடி வருஷத்து மரம். கடல் இருந்த காலத்தில் மண்ணுக்குள் புதைந்து, மரச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அந்த இடத்தில் கல்சத்து வந்து உட்கார்ந்துவிட்டது. பார்க்க மரம்தான். தட்டினால் கல்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அந்த மரத்தை உலகத்துக்குச் சொன்னது எந்த வருஷம் தெரியுமா? 1940. ரூபாயிலிருந்து வெள்ளி வெளியேறிய அதே வருஷம்! நோட்டில் இருக்கும் உறுதிமொழியும் ஒரு கல்மரம்தான். வரி அப்படியே இருக்கு, உள்ளே இருந்த சரக்குதான் மாறிப்போச்சு.

வாழைமர நோட்டு

கடல் தாண்டிப் போன நம்ம ஜனங்களுக்கு இதைவிடப் பெரிய அடி. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி பின்னாலேயே மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனது. ஜப்பான் அரசு தன் சொந்த டாலர் நோட்டை இறக்கியது. பத்து டாலர் நோட்டில் குலை தள்ளிய வாழைமரம். அதனால் அதுக்கு வாழைமர நோட்டு என்றே பெயர். ‘கேட்டவுடன் தருவோம்’ என்று ஜப்பான் அரசின் வாக்கும் அதில் உண்டு. எதைத் தருவோம் என்பது மட்டும் எங்கேயும் இல்லை!

முதலில் வரிசை எண் போட்டு அச்சடித்தார்கள். அப்புறம் எண்ணே போடாமல் அடித்துத் தள்ளினார்கள். எண் போடாத நோட்டை யார் எண்ணப்போறாங்க? அரிசி விலை தலைதெறிக்க ஓடியது. சயாம் - பர்மா மரண ரயில் பாதைக்குப் போய் உயிரோடு திரும்பிய தமிழர்கள் கையில் இருந்ததும் இதே காகிதம்தான். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து அதைச் செல்லாது என்றதும், மூணரை வருஷ உழைப்பு ஒரே நாளில் குப்பை. இன்னிக்குப் பழங்காசு விற்கிற கடைகளில் அந்த நோட்டு சல்லிசாகக் கிடைக்குது. அதை வைத்திருந்தவர்களின் கதைதான் கிடைக்க மாட்டேங்குது.

யாருக்குக் கொடுத்த வாக்கு?

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். ‘வெள்ளி போனா என்ன, இன்னிக்கு ஜிபே-ல டீ குடிக்கிறோம், எந்த நாட்டிலும் காசில் வெள்ளி இல்லையே’ என்று கேட்பீங்க. நியாயம். வெள்ளி இல்லாத பணம் தப்பே இல்லை. போர்ச் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய பொருளுக்கெல்லாம் லண்டனில் கணக்கு எழுதி வைத்தது. ‘அப்புறம் தர்றோம்’ என்ற அந்தக் கடன் பத்திரத்தைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடித்தது. 1939-ல் சுமார் 180 கோடி ரூபாய்க்கு இருந்த நோட்டு, போர் முடிந்தபோது 1,200 கோடியைத் தொட்டது. பொருள் போர்முனைக்குப் போய்விட்டது, காகிதம் இங்கே தங்கிவிட்டது. விலைவாசி ரெண்டு மடங்குக்கும் மேல். கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் செத்தவர்கள் 20 முதல் 30 லட்சம் பேர். பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் போர்க்கால விலையேற்றம், கிராமத்துக் கூலிக்காரன் கையிலிருந்து சோற்றைப் பறித்தது என்பதைப் பின்னாளில் அமர்த்தியா சென் விரிவாகக் காட்டினார்.

அப்படியானால் வெள்ளி வாக்கு எதுவுமே காப்பாற்றப்படவில்லையா? ஒண்ணு காப்பாற்றப்பட்டது பாஸ். இரண்டாம் போரிலும் அமெரிக்கா இந்தியாவுக்கு வெள்ளி கொடுத்தது. இந்த முறை கடனாக, 22.6 கோடி அவுன்ஸ். அவுன்ஸுக்கு அவுன்ஸ் வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும், கெடு 1957. சுதந்திர இந்தியாவும் பாகிஸ்தானும் பங்கு போட்டுத் திருப்பிக் கொடுத்தன. இந்தியா அதுக்கு வெள்ளி எங்கிருந்து எடுத்தது? மக்களிடம் புழங்கிய அந்த அரை வெள்ளி ரூபாய்களைத் திரும்பப் பெற்று, கல்கத்தா சுத்திகரிப்பு ஆலையில் உருக்கி எடுத்தது.

பெரிய நாட்டுக்குக் கொடுத்த வாக்கு எடை போட்டு நிறைவேறியது. பெரம்பலூர் விவசாயிக்குக் கொடுத்த வாக்குக்கு, அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள். ரெண்டுமே வெள்ளிதான், ரெண்டுமே கையெழுத்துப் போட்ட வாக்குதான். கேட்கிற இடத்தில் யார் நின்றார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சரி, அந்தப் பத்து ரூபாய்?

ரிசர்வ் வங்கியிடம் இன்னிக்கு நீங்கள் பத்து ரூபாய் நோட்டை நீட்டி ‘வாக்கைக் காப்பாத்துங்க’ என்றால், சட்டப்படி பத்து ஒத்தை ரூபாய் கிடைக்கும். காசாகவோ ஒரு ரூபாய் நோட்டாகவோ. 1994-ல் நிறுத்தி 2015-ல் மறுபடி அச்சடிக்க ஆரம்பித்த ஒரு ரூபாய் நோட்டைப் பாருங்க. கவர்னர் கையெழுத்து இருக்காது, நிதித் துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும். உறுதிமொழி வரி இருக்காது. தேடினாலும் கிடைக்காது. வாக்கு அங்கே வந்து முட்டி நின்றுவிடுது.

அப்புறம் இந்த நோட்டு ஏன் செல்லுது? அடுத்தவர் வாங்கிக்கொள்வார் என்று நீங்க நம்புறீங்க, அவரும் அப்படியே நம்புறார். அவ்வளவுதான்! 1918-ல் பார்த்த பீதியும், 2016 நவம்பர் 8 ராத்திரி பார்த்த ஏ.டி.எம். வரிசையும் அந்த நம்பிக்கை ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு சாம்பிள்.

இதில் ஒரு சூப்பர் காமெடி உண்டு. நூறு வருஷம் முன்னாடி நம்ம ஜனங்க காகிதத்தை ஒதுக்கி ‘காசு கொடு’ என்றார்கள். இன்னிக்கு பெட்டிக்கடையிலும் பஸ்ஸிலும் பத்து ரூபாய் காசை நீட்டினால் ‘செல்லாதுப்பா, நோட்டு கொடு’ என்கிறார்கள்! கதிர் பத்தா பதினைஞ்சா என்று எண்ணிப் பார்க்கிறவர்களும் உண்டு. அதுவரை வந்த 14 டிசைனுமே செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவா சொல்லிவிட்டது. வதந்திக்கு மட்டும் எந்த வருஷமும் செல்லாக்காசு ஆகாத குணம்.

அதனால் அடுத்த முறை யாராவது உங்களுக்கு வாக்கு கொடுத்தால், அது லோன் பேப்பரா இருக்கட்டும், ஆஃபர் லெட்டரா இருக்கட்டும், ‘தருவோம்’ என்ற சொல்லோடு நிறுத்தாதீங்க. எதை, எங்கே, எப்போ, எந்த எடையில் என்று நாலு கேள்வி கேளுங்க. அந்த நாலும் எழுத்தில் இருந்தால்தான் 1957. இல்லையென்றால் 1918!

வீட்டில் பழைய காசு இருக்கா?

* பாட்டியின் சுருக்குப்பையில் 1939 அல்லது அதற்கு முந்தைய ரூபாய் இருந்தால், அது 91.7 சதவிகித வெள்ளி. அதிலும் 1939 என்று போட்டிருந்தால் துள்ளிக் குதிங்க. சேகரிப்பாளர்கள் தேடி அலையும் காசு அது.
* 1940 முதல் 1945 வரை என்றால் அரை வெள்ளி. 1946-ல் ஒரு ரூபாய் காசே கிடையாது.
* 1947 காசில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்க. ‘டக்’குனு ஒட்டிக்கும். நிக்கல் ஆச்சே! வெள்ளி ஒட்டாது.
* எதையும் புளி போட்டுத் தேய்க்காதீங்க. எடைக்கும் போடாதீங்க. பாட்டியிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: ‘இதை ஏன் ஆத்தா நீ மாத்தல?’

என்ன பதில் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா!